குளிர்ப் பகுதிக் கலவை ஒயின்: ஐந்தில் எதை எடுப்பது?

ஒற்றைத் திராட்சையில் செய்த ஒயினை வாங்குவதில் பெரிய சிக்கல் இல்லை. லேபிளில் ரீஸ்லிங் என்று இருந்தால் புளிப்பு தூக்கலாக இருக்கும், கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்றால் வாசனை முன்னால் வரும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். கலவை ஒயினில் அந்தப் பிடி கிடைப்பதில்லை. என்னென்ன திராட்சை, எவ்வளவு பங்கு என்ற விவரமே பல பாட்டில்களில் இருக்காது. அதனால் குளிர்ப் பகுதிக் கலவை ஒயின் தேடுபவர்கள் ஷாம்பெய்ன், அல்சாஸ், வியன்னா, நோவா ஸ்கோஷா, பர்கண்டி என்று ஐந்து பெயர்களுக்கு நடுவே நின்றுவிடுகிறார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு பாட்டில்தான் என்றால் எதை எடுப்பது?

திராட்சைப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட ஒரு கேள்வி அதிகம் உதவும் என்பது என் கருத்து: இந்த ஒயினை எங்கே கலந்தார்கள்? பறிக்கும் தோட்டத்திலா, நொதிக்கும் தொட்டியிலா, ஒயின் ஆன பிறகு நிலவறையிலா? விடை தெரிந்தால், அது எந்தச் சாப்பாட்டோடு சேரும், ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மாறும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

## குளிரில் ஏன் கலக்கிறார்கள்?

திராட்சை வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் 16.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே இருந்தால் அதைக் குளிர்ப் பகுதி என்று ஒயின் பாடங்களில் வகைப்படுத்துகிறார்கள். எல்லைக்கோடு அவ்வளவு கறாரானது இல்லை. இங்கே எடுத்துக்கொண்ட ஐந்தில் வியன்னா அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறது.

வெயில் உறுதியாக அடிக்கும் இடத்தில் திராட்சை பழுக்குமா என்ற கவலை இல்லை. குளிர்ப் பகுதியில் அதுதான் முதல் கவலை. வசந்தத்தில் மொட்டு விட்ட பிறகு உறைபனி விழலாம். பூக்கும் நேரத்தில் மழை பெய்தால் காய் பிடிக்காது. அறுவடை நேரத்து மழையில் பழம் அழுகும். எல்லா வகையும் ஒரே நாளில் மொட்டு விடுவதில்லை, ஒரே வாரத்தில் பழுப்பதும் இல்லை. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கட்டும் என்று பல வகைகளை நட்டார்கள். அவற்றைச் சேர்த்து ஒயின் ஆக்கினார்கள். குளிர்ப் பகுதியில் கலவை என்பது ருசிக்காக வந்ததைவிட விவசாயிக்கான காப்பீடாக வந்தது என்றே சொல்லலாம். ருசி பின்னால் சேர்ந்துகொண்டது.

## எதை வைத்து எடை போடுவது?

புளிப்பும் இனிப்பும் முதலில். குளிர்ப் பகுதித் திராட்சையில் புளிப்பு இயல்பாகவே அதிகம். கொழுப்பு, உப்பு, பொரித்த பண்டம் ஆகியவற்றுக்கு அந்தப் புளிப்பு வாயைத் துடைத்துவிடும். மிளகாய்க் காரத்துக்கு வேறு கணக்கு. ஆல்கஹால் கூடக் கூடக் காரம் ஏறும், குமிழிகள் அதைக் குத்தலாக்கும், லேசான இனிப்பு அதை அடக்கும். இந்த ஒரு விதி தெரிந்தாலே பாதித் தவறுகள் நடக்காது.

அடுத்தது நம்பகத்தன்மை. போன வருடம் வாங்கிய அதே பெயர் இந்த வருடமும் அதே ருசி தருமா? லேபிள் உங்களுக்கு எவ்வளவு சொல்கிறது?

மூன்றாவது, விலைச்சீட்டில் வராத செலவு. திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும், தனிக் கண்ணாடிக் கோப்பை வேண்டுமா, வாங்கி வைத்தால் எவ்வளவு காலத்தில் குடித்துவிட வேண்டும், தேடி அலைய வேண்டுமா என்பதெல்லாம் இதில் அடக்கம்.

## ஷாம்பெய்ன்: ஆண்டுகளையே கலந்தது

பிரான்சின் வடகிழக்கில், ரீம்ஸ், எப்பர்னே நகரங்களைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மண்ணில் விளைவது. ஏறக்குறைய 49 டிகிரி வட அட்சரேகை. திராட்சை வணிக அளவில் விளையும் வட எல்லை என்று நெடுங்காலம் இதைத்தான் சொல்லிவந்தார்கள். முக்கியத் திராட்சைகள் மூன்று. பினோ நுவார் உடலைத் தரும், அதாவது வாயில் உணரும் கனத்தை. ஷார்டனே புளிப்பையும் நீண்ட ஆயுளையும் தரும். மூனியே பழச்சுவையையும் மென்மையையும் கொண்டுவரும். மூனியே மற்ற இரண்டையும்விடத் தாமதமாக மொட்டு விடுவதால் உறைபனிக்குத் தப்பிவிடும். பனி தேங்கும் மார்ன் பள்ளத்தாக்கில் அதை நிறைய நட்டிருப்பது அதனால்தான். ஆர்பான், பெத்தி மெலியே போன்ற பழைய வகைகளுக்கும் அனுமதி உண்டு. ஆனால் அவை மிகச் சிறிய பரப்பில்தான் இருக்கின்றன.

மற்ற நான்கிலிருந்து இதைப் பிரிப்பது ஆண்டுக் கலவை. லேபிளில் ஆண்டு போடாத ஷாம்பெய்னில் அந்த வருடத்து ஒயினோடு, முந்தைய வருடங்களிலிருந்து எடுத்துவைத்த இருப்பு ஒயினும் சேரும். ஒரு வருடம் வெயில் ஏமாற்றினாலும் பழைய இருப்பு அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். கலந்த பிறகு, குமிழிகள் வருவதற்காகப் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிடுகிறார்கள். ஆண்டு போடாதது குறைந்தது 15 மாதம் நிலவறையில் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் ஈஸ்ட் படிவத்தின் மேல், அதாவது நொதித்து முடித்து அடியில் தங்கிய ஈஸ்டோடு. ஆண்டு போட்டது 3 ஆண்டுகள். ரொட்டி, வறுத்த பருப்பு வாசனை வருவது இந்தக் காத்திருப்பில்தான். நம்பகத்தன்மையில் ஐந்தில் இதற்கே முதலிடம். ஒரு தயாரிப்பாளரின் பாணி பிடித்துவிட்டால் அடுத்த முறையும் கிட்டத்தட்ட அதையே எதிர்பார்க்கலாம்.

லேபிள் சொற்கள்தான் காலை வாரிவிடும். புரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை. எக்ஸ்ட்ரா புரூட் 6 கிராம் வரை. எக்ஸ்ட்ரா டிரை என்று பார்த்ததும் இன்னும் இனிப்புக் குறைவு என்று எடுத்துவிடாதீர்கள்; அதில் 12 முதல் 17 கிராம். டெமி செக் 32 முதல் 50 கிராம்.

உணவு என்று பார்த்தால் சிப்பி, உப்பும் மொறுமொறுப்புமான பொரியல், வறுத்த கோழி, பிரீ, ஷவூர்ஸ் போன்ற மென்மையான பாலாடைக்கட்டிகள். கொண்டாட்டத்தில் கேக் வெட்டியதும் புரூட் ஷாம்பெய்னை ஊற்றிக் கொடுப்பது உலகெங்கும் நடக்கிறது. அதைவிடப் பொருந்தாத ஜோடி கிடையாது. கேக்கின் இனிப்பில் ஒயின் வெறும் புளித்த நீராகிவிடும். இனிப்போடுதான் பரிமாறப்போகிறீர்கள் என்றால் டெமி செக் எடுங்கள், இல்லையேல் சாப்பாட்டுக்கு முன்பே ஊற்றிவிடுங்கள்.

மறைந்த செலவும் இதில்தான் அதிகம். பாட்டிலுக்குள் அழுத்தம் 5 முதல் 6 வளிமண்டலம், கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எனவே கார்க்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்ப வேண்டும். நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாகத் திறந்தால் கால் பாட்டில் தரையில்தான். திறந்ததை அன்றே முடிப்பது நல்லது. நுரை ஒயினுக்கான மூடி தனியாக வாங்கினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். நிறமில்லாத பாட்டிலில் வருபவை வெளிச்சத்தில் நின்றால் கெடும். கடை ஜன்னலில் அடுக்கிவைத்ததை எடுக்காதீர்கள்.

விலைதான் தடை என்றால் இதே முறையில் செய்யும் கிரேமான் வகைகள் இருக்கின்றன. ஈஸ்ட் படிவத்தின் மேல் 9 மாதம் போதும் என்பது விதி. ஆழம் கொஞ்சம் குறையும், புளிப்பும் குமிழியும் இருக்கும். பத்துப் பேருக்கு மேல் கூடும் இடத்தில் நான் அதைத்தான் சொல்வேன்.

## வியன்னாவின் கெமிஷ்டர் சாட்ஸ்: தோட்டத்திலேயே கலந்தது

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் நகர எல்லைக்குள்ளேயே சுமார் 600 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அதன் அடையாள ஒயின் கெமிஷ்டர் சாட்ஸ். இங்கே கலவை செய்ய யாரும் உட்காருவதில்லை. ஒரே தோட்டத்தில் பல வகைக் கொடிகளைக் கலந்து நட்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பறித்து, ஒன்றாகவே நொதிக்கவிடுகிறார்கள். கிரூனர் வெல்ட்லினர், ரீஸ்லிங், வைஸ்புர்குண்டர், நாய்புர்கர், டிராமினர் என்று பட்டியல் நீளும்.

2013 முதல் இதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. குறைந்தது மூன்று வெள்ளை ஒயின் திராட்சைகள் இருக்க வேண்டும். எந்த ஒன்றும் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பங்கில் மூன்றாவதாக வருவது 10 விழுக்காடாவது இருக்க வேண்டும். தோட்டப் பெயர் போடாத சாதாரண வகை, இனிப்பில்லாததாகவும் ஆல்கஹால் 12.5 விழுக்காட்டைத் தாண்டாததாகவும் இருக்க வேண்டும்.

ஒரே நாளில் பறிப்பதன் விளைவு கோப்பையில் தெரியும். அந்த நாளில் ஒரு வகை நன்றாகப் பழுத்திருக்கும், இன்னொன்று இன்னும் கொஞ்சம் காயாக இருக்கும். பழுத்தது வாசனையையும் காயானது புளிப்பையும் கொடுக்கும். தனித்தனியாக இந்தத் திராட்சை, அந்தத் திராட்சை என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு முழுமை இதில் வருகிறது. இந்த ஐந்தில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தராசு கொஞ்சம் சாய்ந்திருந்தால் கழித்துக்கொள்ளுங்கள்.

சொந்தத் தோட்டத்து ஒயினைத் தாங்களே விற்றுக்கொள்ளலாம் என்று 1784ல் பேரரசர் இரண்டாம் ஜோசப் ஆணையிட்டார். அதிலிருந்து வளர்ந்த ஹாய்ரிகர் விடுதிகளில் குளிர்ந்த இறைச்சித் துண்டுகள், உருளைக்கிழங்கு சாலட், பொரித்த கோழி ஆகியவற்றோடு இதைக் குடிக்கிறார்கள். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த ஷ்னிட்ஸெல்லுக்கும் இது ஏற்றது. தண்ணீர்விட்டான் வகைத் தண்டான அஸ்பாரகஸ் பெரும்பாலான ஒயின்களை உலோக ருசிக்குத் தள்ளிவிடும். கிரூனர் வெல்ட்லினர் கலந்த இது அதையும் சமாளிக்கும். ஒரே மேசையில் நாலு விதமான தட்டுகள் வரும் சாப்பாட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான தேர்வு அரிது.

குறை என்ன? ஆண்டின் குணம் அப்படியே ஒயினில் இறங்கும். ஒரு கொடி வரிசையை மட்டும் குறைத்துச் சேர்க்க வழியில்லை. அப்புறம், லேபிளில் வியன்னாவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்திரியாவின் மற்ற பகுதிகளிலும் கெமிஷ்டர் சாட்ஸ் செய்கிறார்கள். வியன்னாவின் விதிகள் அவற்றைக் கட்டுப்படுத்தாது. சாதாரண வகையை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டாம், இளமையில் குடிப்பதற்கானது. நுஸ்பெர்க் போன்ற தோட்டப் பெயரோடு வருபவை சில ஆண்டுகள் தாங்கும்.

## அல்சாஸின் ஷாந்தியும் எடல்ஸ்விக்கரும்: நிலவறையில் கலந்தவை

அல்சாஸ் பிரான்சின் கிழக்கு எல்லையில் இருக்கிறது. வோஜ் மலைத்தொடர் மேற்கிலிருந்து வரும் மழையைத் தடுத்துவிடுவதால் அது குளிர்ந்தாலும் வறண்டது. அங்குள்ள கோல்மார், பிரான்சிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று. நீண்ட, வறண்ட இலையுதிர்காலம் வாசனைத் திராட்சைகளை நிதானமாகப் பழுக்கவைக்கும். இந்த இரு பெயர்களும் அந்த வாசனைக் கலவைகள்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

எடல்ஸ்விக்கரில் அங்கே அனுமதிக்கப்பட்ட எந்த வெள்ளைத் திராட்சையும் எந்த விகிதத்திலும் சேரலாம். ஆண்டு போட வேண்டிய கட்டாயமும் இல்லை. தயாரிப்பாளரின் மனசாட்சியை நம்பி வாங்குவது அது. ஷாந்தியில் ரீஸ்லிங், மஸ்கட், பினோ கிரி, கெவுர்ட்ஸ்ட்ராமினர் நான்கும் சேர்ந்து பாதியாவது இருக்க வேண்டும். மிச்சம் சில்வனர், பினோ பிளாங், ஷாஸ்லா. ஒவ்வொன்றையும் தனியாக ஒயினாக்கிய பிறகே கலக்க வேண்டும். தயாரிப்பாளரை முன்பின் தெரியாதபோது ஷாந்தியை எடுப்பதே மேல்.

காரமான சாப்பாடு என்றால் தேர்வு இங்கேதான் வந்து நிற்கும். கெவுர்ட்ஸ்ட்ராமினரின் லிச்சி, ரோஜா வாசனை மசாலாவுக்கு ஈடுகொடுக்கும். புளிப்பு மற்றவற்றைவிடச் சற்றுக் கம்மி, பல பாட்டில்களில் லேசான இனிப்பும் இருக்கும். சொந்த ஊரில் புளிக்கவைத்த முட்டைக்கோசும் பன்றி இறைச்சியும் சேர்ந்த ஷூக்ரூட், வெங்காயமும் பன்றிக்கொழுப்பும் தூவிய மெல்லிய ஃபிளாம்கூஷ், நெடி தூக்கும் மன்ஸ்டர் பாலாடைக்கட்டி ஆகியவற்றோடு பரிமாறுகிறார்கள்.

எவ்வளவு இனிப்பு என்பது நீண்ட காலம் புதிராகவே இருந்தது. 2021 அறுவடையிலிருந்து லேபிளில் செக் (இனிப்பில்லாதது), டெமி செக், மொலூ, டூ (மிக இனிப்பானது) என்று குறிப்பிடுவது அல்சாஸ் வெள்ளை ஒயின்களுக்குக் கட்டாயம். அதற்கு முந்தைய பாட்டில் என்றால் கடைக்காரரைக் கேட்டே வாங்குங்கள். ஷாம்பெய்னின் செக்கும் இங்கே சொல்லும் செக்கும் ஒரே அளவு இல்லை. இங்கே அது உண்மையிலேயே இனிப்பில்லாதது. இன்னொரு சின்னத் தொல்லை, இந்த ஒல்லியான உயரமான பாட்டில் பல பிரிட்ஜ்களின் கதவுத் தட்டில் நிற்காது.

## நோவா ஸ்கோஷாவின் டைடல் பே: குளிரைத் தாங்கும் திராட்சைகள்

கனடாவின் அட்லாண்டிக் கரை மாகாணம். பக்கத்தில் ஃபண்டி விரிகுடா, உலகிலேயே மிக உயரமான கடல் ஏற்றம் உள்ள இடம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சுமார் 16 மீட்டர் வரை வித்தியாசம். மாகாணத்தின் முதல் அடையாள ஒயினாக டைடல் பே 2012ல் வந்தது. முழுக்க அந்த மாகாணத் திராட்சையாக இருக்க வேண்டும், ஆல்கஹால் 11 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், பெயர் தெரியாமல் சுவைத்துப் பார்க்கும் குழு ஒப்புதல் தர வேண்டும்.

பல ஐரோப்பிய வகைகள் தாங்காத குளிர்காலத்தைத் தாங்கும் கலப்பினங்கள்தான் இங்கே அடித்தளம்: லகாடி பிளாங், சேவல் பிளாங், விடால், கைசன்ஹைம் 318. லகாடி பிளாங் 1953ல் ஒன்டாரியோவில் உருவாக்கப்பட்டு, பின்னர் நோவா ஸ்கோஷாவில் வேர் பிடித்தது. கலப்பினம் என்றாலே மட்டம் என்று முகம் சுளிக்கும் ஒயின் பிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். எலுமிச்சை, பச்சை ஆப்பிள், கூர்மையான புளிப்பு, இலேசான உடல் என்று இது தரும் ருசிக்கு அந்தச் சுளிப்பு நியாயமில்லை.

உணவுப் பொருத்தத்தில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை, கடல் உணவுதான். சிப்பி, ஸ்காலப், லாப்ஸ்டர், மாவில் தோய்த்துப் பொரித்த ஹாடக் மீன். பகல் விருந்துக்கும், ஆல்கஹால் குறைவாகப் போதும் என்பவர்களுக்கும் ஏற்றது. வெண்ணெய் வழியும் கனமான குழம்பின் முன்னால் காணாமல் போய்விடும்.

சிக்கல் கிடைப்பதில். மாகாணத்துக்கு வெளியே தேடுவதே சிரமம். 2023 பிப்ரவரியில் வந்த கடுங்குளிர் அங்கே திராட்சை மொட்டுகளைக் கருக்கி விளைச்சலைப் பெரிதும் குறைத்தது. அங்கே போகும்போது குடியுங்கள், இதற்காக இறக்குமதிச் செலவு செய்ய வேண்டாம் என்பேன்.

## பர்கண்டியின் பாஸ்துகிரேன்: சிவப்புதான் வேண்டும் என்றால்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் பினோ நுவார், காமே என்ற இரு கறுப்புத் திராட்சைகளைக் கலந்து செய்யும் எளிய சிவப்பு ஒயின். 1395ல் பர்கண்டி கோமகன் துணிச்சல் பிலிப் காமேயைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார்; அந்தத் திராட்சை இன்றும் அங்கே இருக்கிறது. இரண்டையும் பறித்துத் தொட்டியிலேயே ஒன்றாகச் சேர்ப்பது வழக்கம். துவர்ப்பு குறைவு, செர்ரி வாசனை, நல்ல புளிப்பு. வறுத்த கோழி, காளான், தொத்திறைச்சிக்குப் போதும். 14 டிகிரி அளவுக்குக் குளிர்வித்துக் கொடுங்கள். பர்கண்டி என்ற பெயரைப் பார்த்துப் பத்து வருடம் பாதுகாத்து வைத்தால் கிடைப்பது ஏமாற்றம்.

## ஒரே பார்வையில்

| ஒயின் | கலக்கும் இடம் | இனிப்பு | பொருந்தும் உணவு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ஷாம்பெய்ன் | நிலவறை, பல ஆண்டுகள் | புரூட்: 12 கிராமுக்குள் | சிப்பி, உப்பான பொரியல், மென் பாலாடைக்கட்டி | திறந்த அன்றே முடிக்க வேண்டும், தனி மூடி |
| கெமிஷ்டர் சாட்ஸ் | தோட்டம் | சாதாரண வகையில் இல்லை | ஷ்னிட்ஸெல், அஸ்பாரகஸ், பலவிதத் தட்டுகள் | ஆண்டுக்கு ஆண்டு மாறும் |
| ஷாந்தி | நிலவறை, தனித்தனி ஒயின்கள் | இல்லாததும் உண்டு, லேசானதும் உண்டு | காரம், மசாலா, ஷூக்ரூட், மன்ஸ்டர் | பழைய பாட்டில்களில் இனிப்பு தெரியாது |
| டைடல் பே | நிலவறை | குறைவு | கடல் உணவு | கிடைப்பது கடினம் |
| பாஸ்துகிரேன் | தொட்டி | இல்லை | கோழி, காளான், தொத்திறைச்சி | நாள்படத் தாங்காது |

## அப்படியானால் எதை எடுப்பது?

மேசையில் காரம் இருந்தால் ஷாந்தி, அதுவும் டெமி செக் என்று போட்டது. யார் என்ன சாப்பிடுவார்கள் என்றே தெரியாத கூட்டம் என்றால் கெமிஷ்டர் சாட்ஸ். பரிசாகக் கொடுக்கப்போகிறீர்கள், வாங்குபவருக்கு ஒயின் பரிச்சயம் இல்லை என்றால் ஷாம்பெய்ன். பெயரே பாதி வேலையைச் செய்துவிடும். இருவர் மட்டும் ஒரு பாட்டிலை மூன்று நாள் வைத்துக் குடிப்பவர்கள் என்றால் ஷாம்பெய்ன் சரிப்படாது. ஷாந்தியோ கெமிஷ்டர் சாட்ஸோ மூடி பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் ருசி மாறாமல் இருக்கும்.

இரண்டு பாட்டில் வாங்க முடிந்தால் கெமிஷ்டர் சாட்ஸையும் ஷாந்தியையும் சேர்த்து எடுங்கள். இனிப்பில்லாததை முதலில் ஊற்ற வேண்டும். முறை மாறினால் வியன்னா ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். இரண்டையும் 8 முதல் 10 டிகிரியில் பரிமாறினால் போதும். அதற்கும் கீழே போனால் காசு கொடுத்து வாங்கிய வாசனை வெளியே வராது.

விலங்குப் பொருள் எதுவும் கூடாது என்பவர்கள் விருந்தில் இருந்தால் அட்டவணையில் இல்லாத ஒன்றையும் பார்க்க வேண்டும். ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீன் பசை ஆகியவற்றைப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். களிமண் போன்றவற்றால் தெளியவைப்பவர்களும் உண்டு. இது பகுதியைப் பொறுத்ததல்ல, தயாரிப்பாளரைப் பொறுத்தது. வீகன் முத்திரை இல்லாத பாட்டில் என்றால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ள விவரத்தாளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.